இரண்டாம் மாடிப் பூஜ்ஜியம்

சனிக்கிழமை காலையில் ஹெட்விகா வீட்டுக்குச் சூடு தருகிற ரேடியேட்டர்களைத் துடைப்பாள். முதலில் வரவேற்பறை, அப்புறம் படுக்கையறை, கடைசியாகச் சமையலறை. ஈரத்துணியை விரலில் சுற்றி, இரும்பு மடிப்பு ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வருவாள். அந்தக் கட்டடத்தில் மற்ற வீட்டுப் பெண்கள் இந்த வேலையைக் கோடையில்தான் செய்வார்கள். குளிர்காலத்தில் உள்ளே வெந்நீர் ஓடும், கை பொறுக்காது. ஹெட்விகாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவள் வீட்டு ரேடியேட்டர் ஜனவரி மாதத்திலும் கல்லறைப் பளிங்கு மாதிரி ஜில்லென்றுதான் இருக்கும்.

ஒவ்வொன்றின் நெஞ்சிலும், செலவாகிற சூட்டை எண்ண, தீப்பெட்டி அளவுக்கு ஒரு மீட்டர் ஒட்டியிருந்தது. அதற்கு ஈரத்துணி கிடையாது. மூக்குக்கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியை எடுத்துவந்து, ஊதி, துடைத்து, குனிந்து பார்ப்பாள். பூஜ்ஜியம். அடுத்த அறையிலும் பூஜ்ஜியம். சமையலறையிலும் அதே. மூன்று பூஜ்ஜியத்தையும் பார்த்த பிறகுதான் அவளுக்குக் காப்பி இறங்கும்.

ஆறு குளிர்காலமாக அந்த எண் அசையவில்லை. ஆனால் வீட்டில் குளிர் இல்லை. சுவரில் தொங்கிய வெப்பமானி எப்போது பார்த்தாலும் இருபதைக் காட்டியது, மிஞ்சிப்போனால் அரை டிகிரி குறையும். அதற்கு அவளிடம் காரணங்கள் இருந்தன: கனமான திரைச்சீலை, கதவுக்கு அடியில் மணல் அடைத்த துணி உருளை, கம்பளிக் காலுறை, காலையில் ஐந்தே நிமிடம் ஜன்னல். யார் கேட்டாலும் விரல் மடக்கிச் சொல்லுவாள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.

சூட்டோடு அவளுக்கு இருந்த உறவு விசித்திரமானது. ஊரின் அடுப்புத் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தாள். வரிசையில் வருகிற மின்சார அடுப்பின் நாலு தட்டையும் முழு வேகத்தில் போட்டு, சிவக்கும்வரை நின்று பார்த்து, அணைத்து, முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றிருபது அடுப்பு. எதிலும் ஒரு முட்டைகூட வேகவில்லை. வெளியே இடுப்பளவு பனி கிடக்கும்போது உள்ளே பெண்கள் கையில்லாத மேலங்கியோடு நின்று வியர்த்தார்கள். அந்தச் சூடு யாருடையது, யார் கொடுக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பள்ளத்தாக்கின் அடியில் நிலக்கரி இருந்தது, முனையில் அனல் நிலையம் இருந்தது, அங்கிருந்து பருத்த குழாய்களில் வெந்நீர் ஊர் முழுக்க ஓடியது. வீட்டின் பரப்பளவுக்கு ஏற்பக் கட்டணம். சூடு அதிகமானால் ஜன்னலைத் திற, அவ்வளவுதான்.

அவள் கணவன் ரைகோ அந்தக் காலத்து ஆள். ஜனவரியில் பனியனோடு ஜன்னல் ஓரம் நின்று, ஒரு கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, ரேடியேட்டரில் முதுகைக் காய்ச்சியபடியே ரேடியோ கேட்பான். சூட்டுக் குமிழை அவன் திருகித் திறப்பான், அவள் திருகி மூடுவாள். முப்பத்தொரு வருடத் தாம்பத்தியம் அந்தத் திருகுக் குமிழின் இரண்டு பக்கத்திலும் நடந்தது. மீட்டர்கள் வந்த வருடம், “என் வீட்டுச் சூட்டை எவன்டா எண்ணுறது?” என்று கத்தினான். அடுத்த வருடம் மாரடைப்பில் போய்விட்டான். அடக்கம் முடிந்து வந்தவள் கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மூன்று குமிழையும் கடைசிவரை மூடினாள். அது துக்கமா வெற்றியா என்று அவளுக்கே தெரியாது. அன்று மூடியதுதான்.

பிறகு கார்பன் வரி வந்தது. வந்தது என்பதைவிட ஏறியது என்பது சரி. வெந்நீர்க் கட்டணச் சீட்டில் அது முன்பே ஒரு மூலையில் இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. இப்போது தனி வரியாக, தடித்த எழுத்தில், ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒரு படி மேலே. புகைக்கு விலை வைத்தால் மக்கள் வீட்டைச் சிக்கனமாக வைத்துக்கொள்வார்கள் என்பது தலைநகர் ல்யுப்லியானாவில் இருந்தவர்களின் கணக்கு. வசூலாகிற பணத்தில் ஒரு பகுதி, சூடு வெளியேறாதபடி கட்டடங்களுக்கு வெளிச்சுவர்ப் போர்வை போடுகிறவர்களுக்குத் திரும்பி வரும், பாதிச் செலவு அரசுடையது. கூடவே ஊக்கத்துக்காக நகராட்சியின் எரிசக்தி அலுவலகம் ‘ஆண்டின் சிக்கனக் குடும்பம்’ என்று ஒரு விருதையும் ஏற்படுத்தியது.

விருது ஹெட்விகாவுக்கு. குடும்பம் என்றால் அவள் ஒருத்திதான்.

அலுவலகத்திலிருந்து ஸார்யா என்ற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். வாசலில் ஹெட்விகா எடுத்துவைத்த வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, எலுமிச்சை கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டு, “எப்படிம்மா இது? ஊர்ல நாலாயிரம் வீடு. பூஜ்ஜியம் உங்க ஒரு வீட்லதான்” என்றாள்.

“வைராக்கியம்மா” என்றாள் ஹெட்விகா. “இப்ப உள்ளவங்களுக்கு வீட்டுக்குள்ள காலுறை போடவே சோம்பேறித்தனம்.”

ஸார்யா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது: ரேடியேட்டரின் மேல் கைவைத்தபடி ஹெட்விகா, வேட்டையாடிய கரடியோடு நிற்பவர் மாதிரி. பரிசு ஒரு மின்சாரக் கம்பளி. அதைப் பெட்டியோடு அலமாரி மேலே ஏற்றிவிட்டாள். அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாக அவளை மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்டியிருந்தார்கள். தொழிற்சாலையில் ஓய்வு பெற்றபோதுகூட ஒரு கடிகாரம் தபாலில்தான் வந்தது. மருந்துக்கடைக்காரி இப்போது அவளைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறாள். ரொட்டிக்கடையில் வரிசை வழிவிடுகிறது. அது அவளுக்குப் பிடித்திருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது.

அவளுக்கு நேர் கீழே, முதல் மாடியில், ஸும்ராவும் எக்ரெமும் இருந்தார்கள். தெற்கே துஸ்லாப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள், நாற்பது வருடமாகிவிட்டது. எக்ரெம் இருபத்தெட்டு வருடம் பூமிக்கு அடியில் இருந்துவிட்டு, அந்த நிலக்கரியில் கொஞ்சத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு மேலே வந்தவர். குளிர்காற்று பட்டால் மூச்சு இழுக்கும். வீடு இருபத்து நாலுக்குக் கீழே போகக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஸும்ரா இருபத்தைந்தில் வைத்திருந்தாள், ஒரு டிகிரி அல்லாவுக்கு.

வியாழக்கிழமைதோறும் ஹெட்விகா காப்பிக்குக் கீழே இறங்குவாள். படி இறங்கும்போதே கம்பளிச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கிவிடுவாள். நவம்பர் கடைசி வியாழன் அவள் போனபோது மேசைமேல், பித்தளைக் காப்பிக் குவளைக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புத் தாள் கிடந்தது.

“என்னடி இது, சிவப்பா?”

“நீங்க மேல பரிசு வாங்குனீங்கல்ல அக்கா, இது எங்க பரிசு” என்றாள் ஸும்ரா. “கட்டடத்து சராசரியைவிட மூணு மடங்கு செலவழிக்கிறோமாம். வரியும் அதுக்குத் தக்கன. கீழ பாருங்க, புத்திமதி வேற எழுதியிருக்கான். ‘கனமான திரைச்சீலை போடவும். கம்பளிக் காலுறை அணியவும்.’”

அது தன்னுடைய வாசகம் என்று ஹெட்விகாவுக்குத் தெரிந்தது. காப்பியை ஊதினாள்.

எக்ரெம் நாற்காலியில் சாய்ந்தபடி சிரித்தார். “நிலக்கரியைத் தோண்டுனது நானு. எரிச்சது அவன். புகைக்கு வரி மட்டும் என்கிட்ட. இந்த இருமலுக்கும் ஒரு மீட்டர் வைக்கச் சொல்லும்மா, அதுலயும் நான்தான் முதல்ல வருவேன்.”

“அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக்கூடாது” என்றாள் ஹெட்விகா, கையில்லாத ரவிக்கையோடு உட்கார்ந்துகொண்டு. “இந்த வீட்ல முட்டைய வச்சா குஞ்சு பொரிச்சிடும். கொஞ்சம் குறைச்சாத்தான் என்ன?”

“குறைச்சுப் பாத்தேன் அக்கா” என்றாள் ஸும்ரா. “போன மாசம் மூணு நாள். மூணாம் நாள் இவரை ஆம்புலன்ஸ்ல கொண்டுபோனேன். அன்னிக்கு நீங்ககூட வீடு என்னமோ சில்லுனு இருக்கு, காய்ச்சல் வருதோ என்னமோன்னு சொன்னீங்களே.”

ஹெட்விகாவுக்கு ஞாபகம் இருந்தது. காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்த நாட்கள். அவள் தட்டிலிருந்த இனிப்பை எடுத்துக் கடித்தாள். வாயில் இனிப்பு இருக்கும்போது பதில் சொல்ல வேண்டியதில்லை.

“எங்களுக்கு ஒரே வழி சுவர்ப் போர்வைதான்” என்று ஸும்ரா தொடர்ந்தாள். “வெளிச்சுவரை மூடிட்டா பாதிச் சூட்டுல இதே இருபத்தஞ்சு நிக்குமாம். ஜனவரியில கூட்டம். எட்டு வீட்ல ஆறு ஓட்டு வேணும். விழலைன்னா நாங்க இந்த வீட்ட வித்துட்டுக் கிளம்ப வேண்டியதுதான். உங்க ஓட்டு இருக்குல்ல அக்கா?”

“கேக்கணுமா?” என்றாள் ஹெட்விகா. உண்மையாகத்தான் சொன்னாள். பத்திரிகையில் படம் வந்த ஒருத்தி சிக்கனத்துக்கு எதிராகக் கை தூக்க முடியுமா?

டிசம்பர் நடுவில் ஸார்யா மறுபடி வந்தாள். இந்த முறை ஒரு கேமராவோடு. சூட்டைப் படம் பிடிக்கிற கேமரா, குளிர்ந்த இடம் நீலமாகவும் சூடான இடம் சிவப்பாகவும் தெரியும். சிக்கன வீட்டின் ரகசியத்தைப் படமாக எடுத்து ஒரு துண்டறிக்கை போடப் போகிறார்களாம்.

வாசலில் விருந்தாளிச் செருப்பு இல்லை. துவைத்துப் போட்டிருந்தாள், காயவில்லை. ஹெட்விகாவுக்கு அவமானமாகப் போயிற்று. இந்த நாட்டில் விருந்தாளியை வெறும் காலோடு உள்ளே விடுவதும் தட்டில்லாமல் சோறு போடுவதும் ஒன்றுதான்.

“பரவால்லம்மா, காலுறை போட்டிருக்கேன்” என்று உள்ளே வந்த ஸார்யா நாலு எட்டு வைத்து நின்றாள். ஒரு காலைத் தூக்கினாள், மறு காலைத் தூக்கினாள். “தரை வெதுவெதுன்னு இருக்கே?”

“கம்பளம்” என்றாள் ஹெட்விகா.

“கம்பளம் அங்கதானே இருக்கு. நான் இங்க நிக்கிறேன்.”

கேமராவின் சின்னத் திரையை இருவரும் சேர்ந்துதான் பார்த்தார்கள். ரேடியேட்டர் கருநீலம். ஜன்னல் நீலம். புகழ்பெற்ற திரைச்சீலை நீலம். தரை மட்டும் ஓரம் முதல் ஓரம்வரை பழுத்த தக்காளி மாதிரி சிவந்திருந்தது. நடுவில் ஹெட்விகாவின் இரண்டு பாதங்களின் நிழல்.

“கீழ யாரும்மா இருக்காங்க?” என்றாள் ஸார்யா மெதுவாக.

ஹெட்விகா பதிலுக்கு, “கேக் கொஞ்சம் எடுத்துக்கறியா?” என்றாள்.

ஸார்யா கேக் எடுத்துக்கொண்டாள். இருவரும் சமையலறையில் உட்கார்ந்து, சாவு வீட்டுக்கு வந்தவர்கள்போல மென்றார்கள். கடைசியில் ஸார்யாதான் சொன்னாள்: “உங்க மேல தப்பில்லம்மா. சூடு மேல ஏறத்தான் செய்யும். கீழ் வீட்டுக்காரங்க ரெண்டு வீட்டுக்கும் எரிக்கிறாங்க, அவ்வளவுதான். எங்க மீட்டருக்குச் சுவர், தரையெல்லாம் கிடையாது, ரேடியேட்டர் மட்டும்தான் தெரியும்.”

“அப்ப அந்த விருதைத் திருப்பிக் கொடுத்துடணுமா?”

“ஐயோ, வேணாம்மா. திருப்பி வாங்க எங்ககிட்ட படிவமே இல்ல. எங்க தலைவர் அதை வெச்சு மாநாட்டுல பேசி முடிச்சிட்டாரு.” ஸார்யா கேமராவைப் பைக்குள் வைத்தாள். “இந்தப் படத்தை நான் எடுக்கலை. சரியா? திரைச்சீலையை மட்டும் சாதா கேமராவுல எடுத்துக்கறேன்.”

திரைச்சீலைக்கு மூன்று படம் எடுத்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகு ஹெட்விகா வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடக்கவில்லை. காலுக்கு அது முன்பே தெரிந்த விஷயம்தான். ஜனவரிக் காலைகளில் சமையலறையில் வெறுங்காலோடு நின்று பால் காய்ச்சியிருக்கிறாள், எந்த முட்டாளுக்கும் தெரிந்திருக்கும். காலுக்குத் தெரிந்ததைத் தலைக்கு ஏறவிடாமல் ஆறு வருடம் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவே. இப்போது தலைக்கும் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை துடைக்கிறபோது மீட்டர்களை மட்டும் விட்டுவிட்டாள். இரண்டு வியாழக்கிழமை, தலைவலி என்று காப்பிக்கும் போகவில்லை.

குமிழைத் திறந்துவிடலாமா என்று ஒருநாள் கைவைத்துப் பார்த்தாள். திறந்தால் எண் ஓடும். எண் ஓடினால் அளவெடுக்க வருகிறவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்தால் மருந்துக்கடைக்காரிக்குத் தெரியும். கையை எடுத்துவிட்டாள்.

ஜனவரிக் கூட்டம் வழக்கம்போல அடித்தளத்தில், துணி உலர்த்தும் அறையில் நடந்தது. கொடிகளுக்கு அடியில் மடக்கு நாற்காலிகள். எட்டு வீடு, எட்டு ஓட்டு. தலைமை வில்கோ, ஹெட்விகாவின் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற அஞ்சலக அதிகாரி. எந்தக் காகிதத்தையும் முத்திரை குத்தப் போகிறவர்போலவே பிடிப்பார்.

ஸும்ரா எழுந்து தன் கட்சியைச் சொன்னாள். எழுதிவைத்துப் படித்தாள்: சுவர்ப் போர்வை, அரசு பாதி தரும், மிச்சம் பத்து வருடத்தில் கட்டலாம், எல்லோருக்கும் வரி குறையும். எக்ரெம் வரவில்லை. அடித்தளம் அவருக்கு ஆகாது. வேண்டிய அளவு அடித்தளத்தில் இருந்தாயிற்று என்பார்.

மூன்றாம் மாடி ததேய், கைக்குழந்தைக்காரன், “எனக்குச் சம்மதம்” என்றான். அவனுக்கு எதிர்வீட்டு ஆசிரியையும் தலையாட்டினாள். கீழ்த்தள விதவை ஒருத்தியும் சரி என்றாள். ஸும்ராவோடு நாலு. ஹெட்விகாவோடு ஐந்து. இன்னும் ஒன்று வேண்டும்.

வில்கோ தொண்டையைச் செருமினார். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு கேள்வி. எதுக்கு? இந்தக் கட்டடத்துலயே ஒரு வீடு பூஜ்ஜியத்துல ஓடுதே. சுவர்ப் போர்வை இல்லாம. ஒரு காசு செலவில்லாம.” திரும்பி, கையை நீட்டினார். “ஹெட்விகாம்மாவால முடியுதுன்னா நமக்கென்ன கேடு? முதல்ல எல்லாரும் காலுறை போட்டுப் பாப்போம். அப்புறம் சுவருக்குச் சட்டை தைக்கலாம்.”

சிரிப்பு. நாலாம் மாடித் தம்பதி கைதட்டினார்கள். ஆசிரியையும் லேசாகச் சிரித்துவிட்டாள். எல்லோரும் ஹெட்விகாவைப் பார்த்தார்கள், மேடையில் பார்த்த அதே பார்வை. ஸும்ரா மட்டும் பார்க்கவில்லை. மடியில் இருந்த தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஹெட்விகா எழுந்தாள். எழுந்தபோதுகூட என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாது. கொடியில் தொங்கிய யாருடைய போர்வையோ முகத்தில் இடித்தது, ஒதுக்கினாள்.

“அது என் சாமர்த்தியம் இல்லை” என்றாள். “அது ஸும்ராவோட சூடு.”

வில்கோ நீட்டிய கையை இறக்கினார்.

“அவ எரிக்கிறா, எனக்கு ஏறுது. தரை சுடுது. கேமராவுல பாத்தாச்சு. காலுறை, திரைச்சீலை, மணல் உருளை, எல்லாம் சும்மா. ஆறு வருஷமா நான் அவ காசுலதான் குளிர் காஞ்சிருக்கேன். அவ சிவப்புத் தாள்ல பாதி என்னோடது.”

சொல்லி முடித்துவிட்டு நின்றாள். முகம் எரிந்தது. இனி ரொட்டிக்கடையில் யாரும் வழிவிட மாட்டார்கள் என்று தோன்றியது. ஆனால் நெஞ்சு லேசாகவும் இருந்தது. யாராவது ஏதாவது திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தாள்.

யாரும் திட்டவில்லை. ததேய்தான் முதலில் வாய் திறந்தான். “அப்படின்னா… தரை வழியா வர்ற மாதிரி பக்கச் சுவர் வழியாவும் வருமா?”

“வராம?” என்றார் நாலாம் மாடிக்காரர். “சுவர் என்ன, ஒரு செங்கல்தான்.”

“ஸும்ரா வீட்டுக்குப் பக்கத்துல நாங்க” என்றாள் இதுவரை பேசாத முதல் மாடிப் பெண், யோசனையாக. “நான் பாட்டுக்கு முட்டாள் மாதிரி எரிச்சுட்டிருக்கேன்.”

“சூடு மேலதானே போகும்” என்றாள் கீழ்த்தள விதவை, கொஞ்சம் கவலையோடு. “கீழ வராதோ?”

“கூரையிலருந்து கொஞ்சம் இறங்கும்மா, கவலைப்படாதீங்க” என்றார் வில்கோ. அவர் முகத்தில் ஒரு முத்திரைக்கு இடம் கண்டுபிடித்த சந்தோஷம். “பாருங்க, ஹெட்விகாம்மாவோட பெருந்தன்மை. இத்தனை நாள் யாருக்கும் தெரியாத முறை. வேறொருத்தரா இருந்தா சொல்லியிருப்பாங்களா? நமக்கெல்லாம் விளக்கிச் சொல்லிட்டாங்க.”

“நான் முறை சொல்லலை!” என்றாள் ஹெட்விகா. “தப்புன்னு சொல்றேன்! சுவரை மூடலாம்னு சொல்றேன்!”

“சரிம்மா, சரிம்மா, உக்காருங்க.”

ஓட்டெடுத்தார்கள். ஹெட்விகா கையை எல்லோருக்கும் மேலே தூக்கினாள். அவளோடு ஸும்ரா, ஆசிரியை. ததேயின் கை தோள்வரை வந்து, தலையைச் சொறிவதுபோல இறங்கிவிட்டது. கீழ்த்தள விதவை கைப்பையைத் திறந்து ஏதோ தேடினாள். மூன்று. வில்கோ எழுதிக்கொண்டார்.

படியேறும்போது ஹெட்விகா ஸும்ராவின் கையைப் பிடித்தாள். “நான் உனக்காகத்தான்டி சொன்னேன்.”

“தெரியும் அக்கா” என்றாள் ஸும்ரா. “ஆறு வருஷத்துல நீங்க சொன்ன முதல் உண்மை. கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாம்.”

அடுத்த வாரத்தில் கட்டடமெங்கும் குமிழ்கள் மூடப்பட்டன. ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டுச் சூட்டுக்காகக் காத்திருந்தது. வில்கோ தொப்பியோடு சாப்பிட்டார். ஹெட்விகா வீட்டிலிருந்து ஏதாவது வருகிறதா என்று சுவரில் கைவைத்துப் பார்ப்பதாகச் சொன்னார், அவரே சொன்னார், குறைபோல. ததேயின் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். படிக்கட்டில் பார்ப்பவர்கள் எல்லாம் மூக்கு சிவந்து, ஒருவரை ஒருவர் நோட்டம்விட்டார்கள்: நீ திறந்தாயா? உலர்த்தும் அறையில் துணி காயவில்லை, விறைத்தது. நகராட்சி அறிக்கையில், அந்தத் தெருவிலேயே கார்பன் வரிக்கு மிகச் சிறப்பாகப் பலன் தந்த கட்டடம் என்று பேர் வந்தது. வில்கோ அதை வெட்டி நுழைவாயிலில் ஒட்டினார்.

ஸும்ரா மட்டும் எரித்தாள். நாலு பக்கமும் குளிர்ந்த வீடுகள் உறிஞ்ச உறிஞ்ச, இருபத்தைந்தைப் பிடித்துவைக்க இரண்டு மடங்கு எரிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது சிவப்புத் தாள் பிப்ரவரி முதல் வாரம் வந்தது.

ஹெட்விகாவின் வெப்பமானி பதினெட்டுக்கு இறங்கியிருந்தது. ஒருநாள் பதினேழரை. இப்போது அவளுக்கு மறைக்க எதுவுமில்லை, மானமும் போயாயிற்று. குமிழைத் திறந்திருக்கலாம். ஆனால் திறந்தால் அது வில்கோவின் சுவருக்கும் ததேயின் தரைக்கும் அல்லவா போகும்? அந்த ஆளுக்கு நான் எரிக்கவா? இந்தக் கோபம் நியாயமானது என்று அவள் நினைத்தாள். அலமாரி மேலிருந்து மின்சாரக் கம்பளியை இறக்கினாள்.

அந்த வியாழக்கிழமை ஸும்ராதான் மேலே வந்தாள். வெளியே போகிற கோட்டு போட்டிருந்தாள். கையில் ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் ஆறு பூந்தொட்டி, ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்த ஆப்பிரிக்க வயலெட். வழக்கத்துக்கு மாறாகச் செருப்பு மாற்றிக்கொள்ளாமல் நேரே வரவேற்பறைக்கு வந்து, பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

“என்னடி, எங்க கிளம்பிட்ட?”

“கோப்பருக்கு. பொண்ணு வீட்டுக்கு. கடலோரம், அங்க இவ்வளவு குளிராது. இவருக்கு அங்க மூச்சு நல்லா வருதாம். ஏப்ரல் வரைக்கும் இருக்கச் சொல்றா. அப்புறம் பாக்கலாம். கார் கீழ நிக்குது.”

“ஏப்ரல் வரைக்குமா?” ஹெட்விகா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“இதுகளை எங்க விடறதுன்னு தெரியலை. கார் பூரா சாமான். நீங்க பாத்துக்குவீங்கதானே? தண்ணி தட்டுல ஊத்தணும், மேல ஊத்தக்கூடாது.” ஸும்ரா ஒவ்வொன்றாக எடுத்து ரேடியேட்டருக்கு மேல் ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்தாள். ஒரு இலையில் ஒட்டிய மண்ணைச் சுண்டிவிட்டாள். “இருபதுக்குக் கீழ போனா மொட்டு கருகிடும் அக்கா. எட்டு வருஷமா வளத்தது. ரொம்பக் கூச்ச சுபாவம் இதுகளுக்கு.”

வெப்பமானி கதவுக்குப் பக்கத்தில் தொங்கியது. இருவருமே அதைப் பார்க்கவில்லை.

“நான் பாத்துக்கறேன்” என்றாள் ஹெட்விகா. கீழே வாசலில் கார் ஒருமுறை ஒலித்தது. எக்ரெமின் இருமலும் கூடவே கேட்டது. “போய்ட்டு வா. அண்ணனை நல்லாப் பாத்துக்க. அங்க மீன் நல்லா இருக்கும்.”

“ம்.”

“ஸும்ரா.”

ஸும்ரா கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“இல்ல… குழாய் உறைஞ்சிடக்கூடாதேன்னு கேக்கறேன். வேற ஒண்ணுமில்ல. கீழ, உங்க வீட்ல, எல்லாத்தையும் மூடிட்டா போற? ஒண்ணையாவது கொஞ்சம் திறந்து வெச்சிருக்கியா?”

ஸும்ரா இரண்டாவது கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக நேராக்கினாள். கடைசித் தொட்டியை, வெளிச்சம் படட்டும் என்பதுபோல, அரை விரற்கடை திருப்பி வைத்தாள். அப்புறம் கோட்டின் கழுத்துப்பட்டையை உயர்த்திக்கொண்டு, வந்த வழியே அறையைவிட்டு வெளியே போனாள்.